போயிட்டு வரேன் என்று ஒரு பொத்தான்

பிப்ரவரி 2, ஞாயிறு

என் மகள் வயிற்றுப் பேரன் அருள்நம்பி டொராண்டோவில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். போன் பேசக்கூட நேரமில்லாத அளவுக்குப் பெரிய வேலை. அவன் தங்கை அகல்யா மெல்போர்னில் பல் டாக்டர். அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் இவளிடம்தான் வாயைத் திறக்கிறார்கள். அதனால் இவளுக்கு வாயைத் திறக்க நேரமில்லை. என் மகன் சண்முகவேலின் மூத்த பெண் நித்யகல்யாணி பெங்களூரில் ஈமெயில் அனுப்பும் உத்தியோகத்தில் இருக்கிறாள். ஒரு பொத்தானை அமுக்கினால் தேர்த்திருவிழாக் கூட்டம் அத்தனைக்கும் கடிதம் போய்விடுமாம். எங்கள் தபால்காரர் ஆயுள் முழுக்கச் சைக்கிள் மிதித்தும் செய்யாத வேலை.

அவளுக்கு இளையவன் செழியன். பேரப்பிள்ளைகளில் என்னோடு கோவில்பட்டியில் இருக்கிறவன் இவன் ஒருத்தன்தான். அரசு வேலைக்குப் படிக்கிறான். அரசாங்கம் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் இவனைத் தேர்வுக்குக் கூப்பிடுகிறது. ஹால் டிக்கெட்டில் பெயரெல்லாம் போட்டு மரியாதையாக அனுப்புகிறார்கள். இவன் படிப்பதை லைவ் என்று கேமராவில் காட்டுகிறான். பேசுவதில்லை, பாடுவதில்லை. மேஜையில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்புவான். வெளியூரில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே அவரவர் வீட்டில் அவரவர் படிப்பார்கள். நான் படித்தபோது வாத்தியார் ஒருத்தர்தான் என்னைப் பார்த்தார். அதுவும் ஐந்தாம் வகுப்போடு சரி.

இந்த டைரி பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் சண்முகவேலின் கடைக்குக் கொடுத்தது. அவனுக்கு எழுத ஒன்றுமில்லையாம். எனக்கு இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

மருமகள் சொர்ணத்தின் அண்ணன் பரமசிவன் மஸ்கட்டிலிருந்து பேசினார். அவருடைய கம்பெனி குடோனில் ஒரு இடம் காலியாம். பங்குனி முடிவதற்குள் செழியனின் பாஸ்போர்ட்டும் காகிதங்களும் வந்துவிட்டால் விசா எடுத்துவிடுவாராம்.

சண்முகவேல் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"ஏல, எத்தனை வருசமா படிக்கே? படிச்சதைப் படம் வேற பிடிச்சுப் போடுதே. எவன் பாக்கான் அதை?"

"ஆளுங்க பாக்காங்கப்பா."

"ஆளுன்னு நீ கண்டியா? மிஷினா இருக்கும். நம்ம கடை வாசல்லயும் ஒரு கேமரா நாள் பூரா ரோட்டப் பாக்கு. அதுக்காக ரோடு முன்னேறிட்டா?"

செழியன் அப்பளத்தை உடைத்தான்.

"பாக்கவன் ஒருத்தனையாவது என் கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்து. மஸ்கட் பேச்ச விட்டுருதேன். இல்லன்னா கெளம்பு."

மஸ்கட் நல்ல ஊர்தான், போகட்டும் என்று நானும் சொன்னேன். எனக்கென்ன. ரசத்தில் உப்பு கூடிப் போயிற்று, அதனால் பாதியில் எழுந்துவிட்டேன். மற்றவர்கள் உப்பு சரியாக இருக்கிறது என்றார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கல்யாணி வந்திருக்கிறாள். தம்பியின் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள்.

"லைவ் ஆரம்பிக்கும்போது அந்த வெப்சைட்காரன் எல்லாருக்கும் சொல்லுதான்னு நினைக்கியா? அவன் இஷ்டப்பட்டாத்தான் சொல்லுவான். நாளைக்கு அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா உன்னைய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. ஆளுகளோட மெயில் அட்ரஸ் உன் கையில இருக்கணும்."

இது எனக்குச் சரியாகப் பட்டது. கல்யாண மண்டபத்துக்காரனை நம்பியா கல்யாணத்துக்கு ஆள் கூப்பிடுகிறோம்? வீடு தெரிந்தால்தான் போய் அழைக்க முடியும்.

அட்ரஸ் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறான் செழியன். மெயிலும் போட்டிருக்கிறான். பாதி ஸ்பேமில் விழுந்துவிட்டதாம். ஸ்பேம் என்றால், வந்தவரை வாசலில் நிறுத்தி, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லி அனுப்புவது. மீதியை யாரும் திறக்கவில்லை. தலைப்பில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். 'வெற்றியை நோக்கிய பயணத்தில் எம்மோடு இணைவீர்' என்று வாசித்தான்.

"இது எலெக்சன்ல நிக்கவங்க நோட்டீசுல்லா."

"நீங்க எப்படி ஆச்சி எழுதுவீங்க?" என்றாள் கல்யாணி.

எப்படி எழுதுவது? எல்லாரும் எழுதுகிற மாதிரிதான். 'காப்பி குடித்தாயா' என்று மேலே போடச் சொன்னேன். அடியில், 'நலம், நலமறிய அவா. செழியன் ஒன்பது மணிக்குப் புத்தகத்தோடு உட்காருகிறான். நீயும் முகம் கழுவிவிட்டு வந்து உட்காரவும். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். இப்படிக்கு, ஆவுடையம்மாள்.' கல்யாணி சிரித்துக்கொண்டே அப்படியே அடித்தாள்.

பிப்ரவரி 10, திங்கள்

கடிதம் போயிற்று. தபால்தலை இல்லை, பசை இல்லை. எனக்கு நம்பிக்கையில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கல்யாணி பெங்களூரிலிருந்து கத்தினாள். அநேகமாக எல்லாருமே கடிதத்தைத் திறந்துவிட்டார்களாம். யார் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள் என்பது அவளுக்கு அங்கே தெரிகிறது. அடுத்தவர் கடிதம் பிரிப்பதை எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. யார் யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பதில்களும் வந்திருக்கின்றன. 'குடிச்சாச்சு ஆச்சி.' 'எங்க வீட்ல டீ ஆச்சி.' தருமபுரியிலிருந்து ஒரு பையன், ஹாஸ்டலில் காப்பி வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறான். சாத்தூரில் மாரீஸ்வரி என்று ஒரு பெண், பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் வீடு, அம்மாவும் அவளும்தான். இருமலாம். ஆடாதொடை போடச் சொன்னேன்.

ஒவ்வொருவருக்கும் நான் சொல்லச் சொல்லச் செழியன் அடித்தான்.

"ஆச்சி, இப்படியே போனா நான் எப்ப படிக்கது?"

எழுதுவதும் படிப்புதானே என்றேன்.

சண்முகவேலிடம் கடிதங்களைக் காட்டினோம். மெயிலை மிஷினும் அனுப்பும்லா என்றான். மிஷினுக்கு இருமல் வருமா என்று கேட்டேன். கடைக்கு நேரமாகிவிட்டதாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கல்யாணி இனி எல்லாக் கடிதமும் என் பேரில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சொர்ணம் இதைக் கேட்டுவிட்டு மிக்சியை வேகமாக ஓட்டினாள்.

பிப்ரவரி 24, திங்கள்

மனசு சரியில்லை. மாரீஸ்வரி நம்மை விட்டு விலகிவிட்டாள். கடிதத்தின் அடியில் ஒரு பொத்தான் இருக்கிறதாம், அதை அமுக்கினால் இனி கடிதம் வேண்டாம் என்று அர்த்தமாம். அமுக்கிவிட்டாள். அவள் மட்டுமில்லை, இன்னும் சிலபேரும்.

"இதெல்லாம் சகஜம் ஆச்சி. ஒவ்வொரு மெயிலுக்கும் கொஞ்சப் பேரு போவாங்க" என்றாள் கல்யாணி.

"எதுக்குப் போறாவ?"

"பிடிக்கலைன்னா போவாங்க."

பிடிக்காமல் போக நான் என்ன எழுதினேன்? மத்தியானம் முழுக்க யோசித்தேன். கண்டுபிடித்தும் விட்டேன். போன கடிதத்தில், 'சாத்தூர் வெள்ளரிக்காய் இந்த வருஷம் கசக்கிறது' என்று ஒரு வரி. அந்த ஊர்ப் பிள்ளைக்கு அப்படி எழுதலாமா. யாராவது கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் கல் இருக்கிறது என்று எழுதினால் நான் சும்மா இருப்பேனா.

விலகினவர்களைப் பற்றிச் சண்முகவேலுக்கும் தெரிந்துவிட்டது. "பாத்தியா, மிஷினுக்கே சலிச்சுப் போச்சு" என்றான். செழியனின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கடை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டான்.

மார்ச் 2, ஞாயிறு

வருத்தம் என்று வந்துவிட்டால் பெரியவர்கள்தான் முதலில் படியேற வேண்டும். செழியன் எவ்வளவோ சொன்னான். நான் தட்டில் வாழைப்பழம், மாதுளை, வெற்றிலை பாக்கு, ஒரு பந்து மல்லிகை வைத்து ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன். சமாதானம் பேசப் போகிறவள் வெறுங்கையோடு போவதா. அவனையும் இஸ்திரி போட்ட சட்டை போடச் சொன்னேன்.

பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். மாரீஸ்வரியின் அம்மா கதவைத் திறந்தாள். என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தலையைக் கோதிக்கொண்டு நின்ற செழியனைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கப்பிடாதா" என்று அடுப்படிக்குள் ஓடினாள். ரவை வறுக்கிற வாசனை வந்தது.

அங்கிருந்தே கேட்டாள்: "தம்பி என்ன பண்ணுதாவ?"

"படிக்கான்."

"படிச்சு முடிச்சுட்டு?"

"முடிக்க மாட்டான். அவன் படிக்கதைப் பாக்கதுக்குன்னே ஊருபட்ட ஆளு இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு நெய் வாசனை கொஞ்சம் குறைந்தது.

மாரீஸ்வரி கடைக்குப் போயிருந்தாள் போல. பையோடு வந்தவள் எங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் தட்டை நீட்டினேன்.

"எம்மா, அந்த வெள்ளரிக்காயைப் பத்தி எழுதினது தப்புதான். மனசுல வச்சுக்கிடாத."

"எந்த வெள்ளரிக்காய் ஆச்சி?"

"பெறகு எதுக்குத் தாயி விலகிட்டே?"

அவள் பையைக் கீழே வைத்தாள். "அய்யய்யோ, அதுக்கா வந்தீங்க? எனக்கு வேலை கெடச்சிட்டு ஆச்சி. ஜூனியர் அசிஸ்டென்ட். இனி படிக்க வேண்டாம்லா, அதான் மெயில நிப்பாட்டுனேன். உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். செழியன் அண்ணனுக்குத்தான்..."

"அண்ணன்னு சொல்லாத" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அவங்களுக்குத்தான் கஷ்டமா இருக்குமோன்னு சொல்லல. அவங்களும் அதே பரீட்சைதான எழுதுனாங்க."

"எனக்கென்ன கஷ்டம்? நல்ல விசயம்தான" என்று சொல்லிவிட்டு, செழியன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வெகுநேரம் பார்த்தான். அதில் ஒரு உரக்கடை விளம்பரமும் முருகனும் இருந்தார்கள்.

கேசரி நன்றாக இருந்தது. பெண் பார்க்க வரவில்லை என்பதைப் புறப்படும்போது பக்குவமாகச் சொன்னேன். அந்தம்மா, "அதனாலென்ன, தட்டு இருக்கட்டும்" என்றாள்.

வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தினான். "ஆச்சி, எனக்குப் பக்கம் திருப்பத்தான் வருது. மண்டையில ஏற மாட்டேங்கு. ஆனா அவங்கள எல்லாம் உக்கார வைக்க வருது. அது ஒரு வேலையான்னு அப்பா கேக்காரு. எனக்குச் சொல்லத் தெரியல." நான் காதில் விழாத மாதிரி டீயை ஊதிக்கொண்டிருந்தேன். காற்று அதிகம்.

மார்ச் 3, திங்கள்

கல்யாணி விசாரித்துச் சொன்னாள். விலகினவர்களில் பலபேர் பாஸாகிவிட்டவர்கள்தானாம். இப்படி ஒரு கஷ்டம் எந்தக் கம்பெனிக்கும் வந்ததில்லை என்று தலையில் கை வைக்கிறாள். சரக்கு நன்றாக இருப்பதால் வாடிக்கை குறைகிறதாம்.

செழியன் நம்பர் அந்த ரிசல்டில் இல்லை. அச்சடிக்கும்போது விட்டுப் போயிருக்கும்.

மார்ச் 5, புதன்

அந்தப் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். 'விலகிக்கொள்ள இங்கே அழுத்தவும்.' எனக்குப் பகீரென்றது. நம் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் 'விலகிக்கொள்கிறேன்' என்றா செருப்பை மாட்டுவார்கள்? 'போறேன்' என்று சொன்னால்கூடத் திருத்துவோம்.

"'போயிட்டு வரேன்'னு மாத்து" என்றேன்.

"ஆச்சி, சட்டப்படி அது தெளிவா இருக்கணும்."

"வேணும்னா அடியில சின்னதா உன் சட்டத்தையும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

புதுப் பொத்தானை எல்லாரும் அமுக்குகிறார்கள். தருமபுரிப் பையன் கடைக்குப் போகும்போதெல்லாம் 'போயிட்டு வரேன்' அமுக்குகிறான். வந்ததும் திரும்பச் சேர்ந்துகொள்கிறான். மரியாதை தெரிந்த பிள்ளை. கல்யாணிக்கு ஆபீசில் தலை சுற்றுகிறதாம்.

மார்ச் 11, செவ்வாய்

வேலைக்குப் போகிறவர்களை வாழ்த்தி ஒரு கடிதம் சொன்னேன். முடிவில் வழக்கம்போல, 'கோவில்பட்டிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகவும்' என்று போடச் சொன்னேன்.

கல்யாணி போனில் பிடித்துக்கொண்டாள். "மெயில்ல ஒரு வேலை சொன்னா என்னைக்கு, எத்தனை மணிக்கு, எங்கன்னு இருக்கணும் ஆச்சி. இப்படி மொட்டையா இருந்தா யாரும் செய்ய மாட்டாங்க."

"செய்யணும்னு யாரு சொன்னா? அது சும்மா சொல்லுதது."

"சும்மா சொல்லுததை எதுக்கு எழுதணும்?"

அவள் தொழில், அவளுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். 'வரும் ஞாயிறு மதியம்' என்று போட்டு, வீட்டுக்கு வழி காட்டும் மேப்பையும் ஒட்டி அனுப்பினாள். பாஸானவர்களுக்கு மட்டும்தான் போகும் என்றாள். சாயங்காலம் கூப்பிட்டு, எல்லாருக்கும் போய்விட்டது என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

"யாராச்சும் வந்துருவாவளா அத்தை?" என்று சொர்ணம் கேட்டாள். மெயிலில் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்றேன். எதற்கும் அரிசி கொஞ்சம் கூடப் போடச் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

கை வலிக்கிறது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

சண்முகவேல் விடிந்ததும் மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போய்விட்டான். போகும் முன் என்னோடு ஒரு சின்னப் பேச்சு. அது இங்கே வேண்டாம். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

ஒன்பது மணிக்குச் செழியன் லைவில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பையன். சிவகாசியாம். "ஆச்சி வீடுதான?" என்றான். லைவ் ஓடுவது தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான். அவனுக்குப் பின்னால் ரெண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் பஸ் ஒன்று நின்று இறங்கின மாதிரி ஒரு கூட்டம். எல்லாரும் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். ஹால் நிறைந்து, வராந்தா நிறைந்து, தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு டெய்லர் வெயிலைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கொண்டுவந்து போட்டார். வேலை கிடைத்தவர்கள், படிக்கிறவர்களுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். மாரீஸ்வரி ஒரு பை சேவோடு வந்து, நேரே பின்கட்டுக்குப் போய்ச் சொர்ணத்தோடு காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

தெரு முழுக்கப் பக்கம் புரள்கிற சத்தம் மட்டும்தான். நான் பின்கட்டில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அதனால் அடுத்தது டெய்லர் சொல்லியும் வீடியோவில் பார்த்தும் எழுதுவது.

சண்முகவேல் மத்தியானம் தெருமுனையில் திரும்பினான். வீட்டு முன்னால் சாமியானா. நாற்காலிகளில் தலை குனிந்த ஆட்கள். ஓரமாகக் கைகட்டி நிற்பவர்கள். வாசலில் மலை மாதிரி செருப்பு. ஒருத்தரும் பேசவில்லை. அவனைக் கண்டதும் ஒரு பையன் மரியாதையாக எழுந்து வழிவிட்டு, "வாங்கய்யா, உள்ளதான் இருக்காங்க" என்று மெல்லச் சொல்லியிருக்கிறான்.

கையிலிருந்த ஹெல்மெட் விழுந்து உருண்டது.

"எம்மா... என்னைய விட்டுட்டுப் போயிட்டியேம்மா..." என்று வாசலிலேயே மடிந்து உட்கார்ந்துவிட்டான். "காலைல காப்பி கொடுத்தியேம்மா, குடிக்காம போனேனேம்மா. பிள்ளைய அனுப்பாதல, அவனும் போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்டல பேசுவேன்னு கேட்டியேம்மா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேனேம்மா, பாவி."

அவன் அழுவதைப் பார்த்ததும், நிஜமாகவே யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அத்தனை பேரும் எழுந்து நின்றிருக்கிறார்கள். சிலபேர் கூடச் சேர்ந்து அழவும் செய்தார்கள். அப்பாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று செழியனும் மேஜையில் தலையைக் கவிழ்த்து, "ஆச்சி" என்று அழுதான். அவ்வளவையும் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

அழுகைச் சத்தம் கேட்டு, யார் வீட்டில் என்ன துக்கமோ என்று நான் சாம்பார் வாளியும் கரண்டியுமாக ஓடிவந்தேன்.

"யாருக்குல என்னாச்சு?"

சண்முகவேல் என்னைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். கண்ணைத் துடைத்தான்.

"ஒன்னுமில்லம்மா. பசிக்கி."

யாரோ ஒரு பிள்ளை அவனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தது. இலை போட்டதும் அவனே எழுந்து என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து ஊற்றினான். தருமபுரிப் பையனின் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றான்.

"தம்பி, நீங்க நெசமாவே இவன் படிக்கதையா பாக்கீங்க?"

"ஆமாங்கய்யா. அண்ணன் உக்காந்தா நானும் உக்காருவேன். அண்ணன் எந்திரிச்சாத்தான் எந்திரிப்பேன். தனியா இருந்தா தூங்கிருவேன்."

சண்முகவேல் அவன் தோளை லேசாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றினான்.

காலையில் நான் அப்படியெல்லாம் அவனிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அழுகையில் மனிதர்கள் எதையாவது சொல்வார்கள்.

மார்ச் 17, திங்கள்

அந்த அழுகையை யாரோ வெட்டி எடுத்து உலகமெல்லாம் அனுப்பிவிட்டார்கள். நான் வாளியோடு வருவதற்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். ஆக, நான் இறந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

டொராண்டோவிலிருந்து அருள்நம்பி வீடியோவில் கூப்பிட்டான். நான்தான் எடுத்தேன். என்னைப் பார்த்ததும் போனைக் கீழே போட்டுவிட்டான். திரும்பக் கூப்பிட்டு அழுதான். பிளேன் டிக்கெட்கூடப் போட்டுவிட்டானாம். நான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் ரத்து செய்துவிட்டான். அகல்யாவும் பேசினாள், அவளும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளைகள். இந்த வாரம் ரெண்டு பேருக்கும் வேலை கொஞ்சம் குறைவு போலிருக்கிறது.

மார்ச் 19, புதன்

பரமசிவன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார். சண்முகவேல் உளுந்த வடையை வாயில் போட்ட நேரம்.

"மச்சான், வீடியோ பாத்தேன். மனசே ஆறல. அம்மா இல்லாத வீட்ல பையனும் இல்லன்னா நீங்க எப்படி இருப்பீங்க? நான் சொன்னேன்னு அவனை அனுப்ப வேண்டாம். இந்த இடத்துக்கு எங்க பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்கிடக்கூடாது."

மகனை அனுப்பவில்லை என்று மைத்துனரிடம் எப்படிச் சொல்வது என்று சண்முகவேல் ரெண்டு நாளாக முழித்துக்கொண்டிருந்தான். இப்போது வடை தொண்டையில் நிற்க, "ம்... ம்..." என்றான். அது அழுகை மாதிரியே இருந்தது. போனைச் சொர்ணத்திடம் கொடுத்தான். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் அண்ணனிடம் அழுதாள். கொஞ்சம் நன்றாகவே அழுதாள்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் பேருக்கு விசா வந்த பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்வதாக முடிவு. அதுவரை நான் பரமசிவனுக்கு இல்லை.

மார்ச் 20, வியாழன்

கல்யாணியும் உண்மையைச் சொல்லக் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாள். துக்க வீட்டை விட்டு யாரும் விலக மாட்டார்களாம். பொத்தானை ஒருத்தர்கூட அமுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பரமசிவன் போட்டிருக்கும் கண்ணீர் அஞ்சலியைச் செழியன் வாசித்தான். நான் எளிமையானவளாம், பொறுமையானவளாம், யாரிடமும் கடிந்து பேசியதில்லையாம். இதைச் சொர்ணத்துக்கும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன். வயதை மட்டும் கூட்டிப் போட்டுவிட்டார்.

மார்ச் 26, புதன்

சண்முகவேல் கடை மாடியில் இருந்த பெயிண்ட் டின்களைக் கீழே இறக்குகிறான். அங்கே மேஜை போட்டு, ஊரில் படிக்கிற பிள்ளைகளைச் செழியனோடு உட்கார வைப்பதாக ஏற்பாடு. செழியன் இனிப் பரீட்சை எழுதப் போவதில்லை என்று அவனே சொன்னான். நான் பதறவில்லை. பாஸ்போர்ட் டிராயரிலிருந்து பீரோவுக்கு வந்துவிட்டது.

அடைந்து கிடப்பது கஷ்டமாக இருக்கிறது. கோவிலுக்குப் போனால் எதிரே வருகிறவர்கள் விலகி நிற்கிறார்கள். பூக்காரி என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூ கொடுத்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

மஸ்கட் பையனுக்கு விசா வந்துவிட்டது. கல்யாணிக்கு இன்று சொல்லி அனுப்பிய கடிதத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அன்புள்ள கல்யாணிக்கு, நலம், நலமறிய அவா. நாங்கள் எல்லாரும் நலம், நான் உட்பட. பரமசிவனுக்குச் சொர்ணம் இன்று காலை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு என்னோடு பேச வேண்டும் என்றார், பேசினதும் அழுதார். நாம் எல்லாருக்கும் அனுப்பும் கடிதத்தின் உச்சியில், யாரோ ஒரு பிள்ளை லைவிலிருந்து எடுத்த என் முகத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் ஆடுகிற விளக்கும் வைத்து அனுப்பியதை நீ அப்படியே விட்டு வைத்திருக்கிறாய். கடிதத்தை நிறையப் பேர் திறக்கிறார்கள் என்று சொல்லாதே. நான் இறந்திருந்த வரையில் போதும். நாளைக்குப் போகிற கடிதத்திலிருந்து அதை எடுத்துவிட்டுப் புதுப் படம் போட வேண்டும். நான் அரக்குப் புடவையில் நிற்பேன். தேதி தெரிகிற மாதிரி இன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொள்வேன். உன் அப்பன் வலது பக்கம் நிற்கட்டும், சிரிக்கச் சொல், இல்லையென்றால் மறுபடி தப்பாக நினைப்பார்கள். செழியன் இடது பக்கம். மாரீஸ்வரியும் அவள் அம்மாவும் தட்டைத் திருப்பிக் கொடுக்க இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவளையும் செழியன் பக்கத்தில் நிறுத்துவேன், உயரம் பார்க்க வேறு சமயம் வாய்க்காது. டெய்லர் எடுத்து அனுப்புவார். நான் கண்ணை மூடின படம் எதையும் போட்டுவிடாதே. கண் திறந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு ரெண்டு தடவை பார்த்து, சீக்கிரம் போடவும்.